அவர் பார்சலை ஒளிக்கிறார், நான் கணக்கு எழுதுகிறேன்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன், ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் எடுத்த தவணைக் கடன் என்று நான்கு இடத்தில் பாக்கி இருந்தது. போன வருடம் உட்கார்ந்து பேசி, மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். சிறிய கார்டை அடைத்தும் விட்டோம். அதற்கப்புறம் மற்ற கடன்கள் அப்படியே நிற்கின்றன. காரணம் என் கணவர்தான். ராத்திரி படுத்துக்கொண்டே போனில் எதையாவது ஆர்டர் செய்துவிடுகிறார். ஹெட்போன், டிரில்லிங் மெஷின், ஓடுவதற்கு ஷூ. ஒரு நாள் கூட ஓடியதில்லை. இப்போது பார்சலைக் காரிலேயே ஒளித்து வைக்க ஆரம்பித்திருக்கிறார். நான் ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதுகிறேன். பிள்ளைக்குத் துணி, வீட்டுக்குச் சில டப்பா, சாமான் தவிர நான் எதுவும் வாங்குவதில்லை, அதுவும் தள்ளுபடி வந்தால்தான். அவர் கார்டை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, அவருடைய போன் மக்கர் செய்கிறது. வட்டியில்லாத் தவணையில் புதுசு எடுக்கலாம் என்கிறார். சரியா?

பதில்: அன்புள்ள சகோதரி, கார்டை வாங்கி வைக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியை எழுதும்போதே பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சம்பாதிக்கிற ஒரு மனிதரின் கையிலிருந்து கார்டைப் பிடுங்கினால் அவர் வாங்குவதை நிறுத்த மாட்டார், உங்களுக்குத் தெரியாத இன்னொரு கார்டில் வாங்குவார், அல்லது 'இப்போது வாங்கு, அப்புறம் கட்டு' என்று போனிலேயே இரண்டு நிமிடத்தில் கிடைக்கிற கடனில் வாங்குவார், அந்தக் கடன் உங்கள் நோட்டுக்கு வரவே வராது. பார்சல் காருக்குள் போனது அந்தப் பாதையின் முதல் படி. மறைப்பது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பெட்டி வீட்டுக்குள் வந்தால் அன்று ராத்திரி என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அது காரில் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கடன் ஏன் நிற்கிறது என்பதற்கு நீங்கள் ஒரே ஒரு காரணம் சொல்கிறீர்கள். எனக்கு இன்னொன்று தெரிகிறது. சிறிய கார்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்டிக்கொண்டிருந்தீர்களே, கார்டு அடைந்ததும் அந்தத் தொகை எங்கே போனது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோட்டைத் திறந்து பாருங்கள், அதிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அது ஒரு செலவாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கும். ஒரு கடனை அடைத்த மாதம் கை சற்றுத் தாராளமாக இருப்பதாகத் தோன்றும், இவ்வளவு நாள் கஷ்டப்பட்டோமே என்ற நினைப்பும் கூடவே வரும், அவர் ஒரு ஹெட்போன் வாங்குவார், நீங்கள் பிள்ளைக்கு இரண்டு செட் கூடுதலாக எடுப்பீர்கள். யாரும் தப்பு செய்தது போலவே இருக்காது. கடனை அடைக்கிற வீடுகளில் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான், முதல் வெற்றிக்கு அடுத்த மாதம்.

ஆகவே முதல் வேலை: அந்தப் பழைய தொகையை, ஒரு காசு குறைக்காமல், சம்பளம் வந்த மறுநாளே அடுத்த கடனுக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் கட்டலாம் என்று வைத்தால் மிச்சம் இருக்காது, எந்த வீட்டிலும் இருப்பதில்லை. எந்தக் கடனுக்கு அனுப்புவது? சிறியதை முதலில் அடைத்தால் உற்சாகம் வரும் என்பார்கள், அந்த உற்சாகம் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இனி வட்டி அதிகமான இடத்துக்குத்தான் போக வேண்டும், அநேகமாக அது மிச்சமிருக்கும் கார்டாக இருக்கும். தனிநபர் கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் பிடிப்பார்களா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தவணைக் கடன் அதன் பாட்டுக்கு ஓடட்டும்.

கார்டைப் பற்றி நீங்கள் இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலான கார்டுகளில், போன மாத பில்லை முழுதாகக் கட்டினால்தான் புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். பாக்கி வைத்துக்கொண்டே வந்தால் அந்தச் சலுகை போய்விடும், இன்றைக்கு வாங்குவதற்கு இன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான், அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் லேசாகத்தான் குறையும். இதைத் தெரிந்துகொண்டே அந்த கார்டில் வாங்குகிறவர்கள் குறைவு. தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் நிறைய.

இப்போது உங்கள் தள்ளுபடிக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நூறு விலை போட்ட ஒரு பொருள், இருபது சதவீதத் தள்ளுபடியில் எண்பதுக்கு வருகிறது. அந்த எண்பதை நீங்கள் கார்டுக்குக் கட்டியிருந்தால் பாக்கி எண்பது குறைந்திருக்கும். கட்டவில்லை, அதனால் அந்த எண்பது மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் பில்லில் அதற்கு மேலும் இருக்கலாம்) ஒரு வருடத்தில் அது 101-ஐத் தாண்டிவிடும், அதாவது தள்ளுபடி முழுதும் காலி. இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 129. கையிலிருந்த பணத்தைக் கொடுத்துத்தானே வாங்கினேன், கார்டைத் தொடவில்லையே என்பீர்கள். கணக்கு மாறாது. கடன் நிற்கும் வரை, கையில் இருக்கும் எந்தப் பணத்தைச் செலவழித்தாலும் கார்டு வட்டியில்தான் செலவழிக்கிறீர்கள். இலவச டெலிவரிக்காக இன்னும் ஒரு டப்பா சேர்த்துக்கொள்வது, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று மூன்றைத் தூக்கிக்கொண்டு வருவது, எல்லாம் இதே கணக்குதான்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் அவர் வாங்கியதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, நீங்கள் வாங்கியது 'தவிர' என்ற சொல்லுக்குள் போய்விட்டது. பிள்ளைக்கு, வீட்டுக்கு என்ற காரணம் ஒட்டிக்கொண்டால் எந்தச் செலவும் ஆசைச் செலவாகத் தெரியாது. துணி தேவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அளவு மாறியதால் வாங்கினீர்களா, தள்ளுபடி வந்ததால் வாங்கினீர்களா என்று கடைசியாக வாங்கிய ஐந்தாறு பொருளுக்காவது நீங்களே தனியாக உட்கார்ந்து பதில் எழுதிப் பாருங்கள். அவரிடம் காட்ட வேண்டியதில்லை. அவருடன் பேச உட்காரும்போது உங்கள் குரல் மாறியிருக்கும், அது போதும்.

அவர் விஷயத்துக்கு வருவோம். ஓடாதவர் வாங்கும் ஷூ, ஆணி அடிக்காதவர் வாங்கும் டிரில்லிங் மெஷின், இரண்டும் ஒரே ரகம்: நாளைக்கு நான் இப்படி ஆகப்போகிறேன் என்பதற்குக் கட்டும் முன்பணம். கேலி செய்யாதீர்கள், ஆசை நல்ல ஆசைதான், ஆனால் கட்டிய உடனேயே பாதி ஆகிவிட்டதைப் போல ஒரு திருப்தி வந்துவிடுகிறது, அப்புறம் ஓட வேண்டிய அவசரமே போய்விடுகிறது. இந்த மாதிரிப் பொருளுக்கு ஒரே விதிதான் வேலை செய்யும். முதலில் ஒரு மாதம் இருக்கிறதை வைத்துச் செய்வது, செய்தால் வாங்குவது. பழைய ஷூவில் ஒரு மாதம் ஓடட்டும், ஓடினால் நல்ல ஷூவாகவே வாங்கிக்கொள்ளட்டும், கணக்கில் இடம் வைத்து.

ஆனால் விதி போட்டால் மட்டும் ராத்திரி பதினோரு மணிக்கு அது ஞாபகத்தில் இருக்காது. களைத்துப்போன மனிதரின் மன உறுதியை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதை எதிர்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே தட்டில் வாங்கிவிடும் முறைக்கு அமேசான் நிறுவனம் 1999-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, 2017-ல் அது காலாவதியாகும் வரை வைத்திருந்தது. ஆசைக்கும் பணம் கட்டுவதற்கும் நடுவே இருக்கும் இரண்டு மூன்று தட்டுகளை எடுத்துவிடுவது அவ்வளவு மதிப்புள்ள விஷயம் அவர்களுக்கு. பணத்தைக் கையால் எண்ணிக் கொடுக்காதபோது என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு நல்ல சோதனை உண்டு. 2001-ல் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இரண்டு பேர் வெளியிட்டது. டிக்கெட் கிடைக்காத ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலத்துக்கு விட்டார்கள். பாதிப் பேரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றார்கள், பாதிப் பேரிடம் கார்டில் கட்ட வேண்டும் என்றார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை, சராசரியில், ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல இரண்டு மடங்கு. டிக்கெட் அதேதான்.

ஆகவே எடுத்துவிட்ட தட்டுகளைத் திரும்ப வையுங்கள். இருவர் போனிலும், அவர் போனில் மட்டும் இல்லை, சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களை அழியுங்கள். கடைகளின் செயலிகளை எடுத்துவிடுங்கள், வேண்டுமானால் பிரவுசரில் போய், கடவுச்சொல் அடித்து, எழுந்து போய்ப் பர்ஸை எடுத்து, பதினாறு எண்ணையும் பார்த்துப் பார்த்து அடித்து வாங்கட்டும். பாதி ஆசை பர்ஸ் எடுக்க எழும்போதே தூங்கிவிடும். தள்ளுபடி அறிவிப்புகளை நிறுத்துங்கள். போனை ஹாலில் சார்ஜ் போடுவது என்று இருவருமே வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போனோடு படுத்து அவரை மட்டும் ஹாலில் வைக்கச் சொன்னால் இரண்டு நாள்கூடத் தாங்காது. வேண்டும் என்று தோன்றுவதை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் தேதியோடு எழுதட்டும், நீங்களும் எழுதுங்கள், மாதம் ஒரு நாள் அதைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். எழுதுவதற்குத் தடை கிடையாது, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். தேதி பழசாகப் பழசாக அவரே சிலதை அடிப்பார்.

அந்த நேரத்தை அவர் வேறு எதில் செலவிடுவார் என்பதையும் யோசிக்க வேண்டும். நாள் முழுக்க வேலை, பிள்ளை, வீடு என்று போய், அவருக்கென்று கிடைக்கும் ஒரே அரை மணி அதுவாக இருக்கலாம், பொருளைவிடத் தேடிப் பார்க்கிற அந்த அரை மணிதான் அவருக்குப் பிடித்திருக்கிறது போலத் தெரிகிறது. ஏன் வாங்கினாய் என்று கேட்பதற்குப் பதிலாக, எப்போதெல்லாம் வாங்கத் தோன்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பொய் வரும். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் உண்மை வரும்: அலுவலகத்தில் திட்டு வாங்கிய நாள், உங்களோடு சண்டை போட்ட நாள், சம்பளம் வந்த நாள்.

அடுத்து, இருவருக்கும் கைச்செலவுப் பணம். இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது, எனவே இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். மொத்த வருமானத்தில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ, ஒரு தொகையை முடிவு செய்து, அதை இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதியாகத் தனித்தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம், சமமாக இருக்கட்டும். செலவழிக்காதது அடுத்த மாதத்துக்குச் சேரும், அவர் மூன்று மாதம் சேர்த்து ஹெட்போன் வாங்கலாம், நீங்கள் டப்பா வாங்கலாம். அந்தப் பணத்துக்குக் கேள்வி கிடையாது. முகத்தைச் சுளிப்பதும் கேள்விதான். கடன் இருக்கும்போது இது எதற்கு, அதையும் கடனுக்கே கட்டிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் காரில் ஒளிந்திருக்கும் பெட்டிகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள், நான் சொல்லும் தொகையைவிட அது அதிகமாக இருந்தால் என் வழிதான் மலிவு.

செலவாளியும் சிக்கனக்காரரும் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துத்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு, ஆனால் அது விளையாட்டு இல்லை. ஸ்காட் ரிக், டெபோரா ஸ்மால், ஈலை ஃபிங்கெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அதையேதான் காட்டியது. பணம் கொடுக்கவே மனம் வராதவர்களும், கை நிற்காதவர்களும் தங்களுக்கு எதிரானவர்களையே துணையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தன்னிடம் பிடிக்காத குணம் எதிராளியிடம் இல்லை என்பது ஆரம்பத்தில் இழுக்கிறது. அப்புறம், வித்தியாசம் பெரிதாக இருக்கும் ஜோடிகளில்தான் பணச் சண்டையும் அதிகம். உங்கள் நோட்டும் அவருடைய கார் டிக்கியும் சேர்ந்தேதான் வளர்ந்திருக்கின்றன. நோட்டு இருக்கட்டும், ஆனால் அவர் பக்கத்தை அவரே எழுதட்டும், அல்லது வாரம் மாற்றி வாரம் எழுதுங்கள். நீங்கள் மட்டும் எழுதினால் அது கணக்கு நோட்டாக இருக்காது, அவருக்கு அது ஒரு குற்றப்பத்திரிகை.

மாதம் ஒரு நாள், சம்பளத்துக்கு அப்புறம் வரும் ஒரு ஓய்வு நாளில், அரை மணி உட்காருங்கள். பாக்கி எவ்வளவு குறைந்தது என்று ஆரம்பியுங்கள், தாளில் எழுதியிருப்பதைப் பாருங்கள், அடுத்த மாதம் வரப்போகும் பெரிய செலவைப் பேசுங்கள், முடித்துவிடுங்கள். பில்லை வரி வரியாகப் படிக்காதீர்கள். காப்பீட்டுத் தொகை, பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு எல்லாம் வருடா வருடம் வருகிறவை, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் திடீரென்று வந்ததைப் போல கார்டில்தான் போய் விழும். அவற்றின் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனியே ஒதுக்குங்கள். மூன்று இடத்தில் கடன் இருக்கும்போது சேமிப்பா என்று கேட்கலாம். சின்ன அளவில் ஒரு அவசர நிதி வேண்டும்தான், ஒரு மாதச் சம்பளத்தில் பாதியாவது. அது இல்லாவிட்டால் ஒரு பல்வலி வந்தால்கூடப் பழைய கார்டு திரும்ப நிறையும்.

சறுக்குவார். நீங்களும் சறுக்குவீர்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களைப் பற்றி பீட்டர் ஹெர்மன், ஜேனட் போலிவி என்ற உளவியலாளர்கள் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டை ஒரு முறை மீறிவிட்டதாக நினைக்கும்போது, கெட்டது கெட்டுப்போச்சு என்று அன்றைக்கு மீதிக் கட்டுப்பாட்டையும் விட்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. கடனிலும் அதே கதைதான், ஒரு பார்சல் வந்துவிட்ட மாதத்தில் இன்னும் இரண்டு வரும். எனவே சறுக்கினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். திருப்பி அனுப்ப முடிந்தால் பெட்டியைப் பிரிக்காமல் அனுப்புவது, முடியாவிட்டால் அவரவர் கைச்செலவுப் பணத்தில் கழித்துக்கொள்வது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. காரில் இப்போது இருக்கும் பெட்டிகளுக்கும் இதையே வையுங்கள், எதையெல்லாம் திருப்பி அனுப்பலாம் என்று இந்த வாரமே தேதி பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பெட்டி என்று நீங்கள் போய் எண்ண வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். வாங்கியதைப் பிரித்தே பார்க்காமல் அடுக்குகிறார், நிறுத்த முயன்றும் முடியவில்லை என்று அவரே சொல்கிறார், வாங்காவிட்டால் படபடப்பு வருகிறது, உங்களுக்குத் தெரியாமல் புதுக் கடன் எடுக்கிறார் என்றால் அது பட்ஜெட் போட்டுத் தீர்க்கும் விஷயம் இல்லை. கட்டுக்கடங்காமல் வாங்குவதை எமில் கிரெப்பலின் போன்ற மனநல மருத்துவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள், சிகிச்சைக்கு வழி இருக்கிறது, போய்ப் பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடைத்து முடித்த கார்டை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். வருடக் கட்டணம் இருந்தால் மூடிவிடுங்கள், ஆனால் மூடினால் சில இடங்களில் கடன் மதிப்பெண் சற்று இறங்கும், பக்கத்தில் வீட்டுக் கடன் மாதிரி எதுவும் கேட்கிற எண்ணம் இருந்தால் அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

கடைசியாக போன். வட்டியில்லாத் தவணை என்றால் வட்டியை யாரோ ஒருவர் கட்டுகிறார் என்று அர்த்தம். பல சமயம் அது விலையிலேயே இருக்கும், மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காது, அல்லது செயலாக்கக் கட்டணம் என்று தனியே வாங்குவார்கள். ஒரு தவணை தவறினால் வட்டியும் அபராதமும் வரும். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், மூன்று கடன் இருக்கும் வீட்டில் நான்காவது ஒன்று உட்காரும், ஒரு வருடத்துக்குக் கையைக் கட்டிவிடும். ஆகவே வேண்டாம். முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கட்டும், மக்கர் செய்கிற போன்கள் பாதி அதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால், வேலைக்குப் போன் இல்லாமல் முடியாது என்றால், அது தேவைதான், ஆசை இல்லை, அப்போது பழுது பார்த்து விற்கும் ஒரு பழைய போனையோ சாதாரண மாடலையோ அவசர நிதியிலிருந்து மொத்தமாகக் கொடுத்து வாங்குங்கள், எடுத்த தொகையை அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப நிரப்புங்கள். அதைவிட நல்ல மாடல்தான் வேண்டும் என்றால் வித்தியாசத்தை அவர் தன் கைச்செலவுப் பணத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். இதை நான் சொன்னதாக அவரிடம் படித்துக் காட்டலாம், ஆனால் அதற்கு முன்னால் தள்ளுபடி பற்றிய பத்தியையும் சேர்த்துப் படியுங்கள்.